பதினெட்டாவது மத்து

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மத்துகளைப் பற்றி இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசக்கூடிய ஆள் நான். இமயமலைப் பக்கத்து வீடுகளில் வெண்ணெய் கடைந்த பழைய மரச் சாமான்கள், அதுவும் செதுக்கு வேலை செய்தவை, என் வீட்டில் முப்பத்தொன்று இருக்கின்றன. லண்டனில் தனி மனிதர் ஒருவரிடம் இத்தனை இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. (விசாரித்ததும் இல்லை. விசாரித்தால் யாராவது அகப்பட்டுவிடுவார்களோ என்ற பயம்.) அப்படிப்பட்ட நான், நாற்பத்திரண்டு வயது வரை ஒரு தேக்கரண்டி வெண்ணெய்கூடக் கடைந்து எடுத்தவன் அல்ல.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு குடையால். இரண்டாயிரத்து ஒன்றில் கார் பூட் சேல் எனப்படுகிற பழஞ்சாமான் சந்தை ஒன்றில் குடை வைக்கவென்று ஒரு மர உருளை வாங்கினேன். இடுப்பளவு உயரம், நடுவில் பித்தளைப் பட்டிகள், வாய்ப்பக்கத்தில் கொடி கொடியாகச் செதுக்கல். மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வருடம் குடைகளைச் சுமந்துகொண்டு அது பேசாமல் நின்றது. ஒருநாள் காஸ் மீட்டர் பார்க்க வந்த வெள்ளைக்காரர் அதைக் கண்டதும் மீட்டரை மறந்துவிட்டார். இளம் வயதில் லடாக் மலைகளில் நடந்து திரிந்தவராம். "இது வெண்ணெய்த் தேநீர் கடைகிற சாமான். ஒரு குடும்பத்தின் அடுப்படியில் மூன்று தலைமுறை நின்றிருக்கும். இதற்குள் குடையா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்றே குடைகளை வெளியே எடுத்தேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் மழைக்குக் குடை தேடிக் கிடைத்ததே இல்லை.

அதிலிருந்து எங்கே மரமும் வெண்ணெய்க் கறையும் கண்டாலும் நான் நின்றுவிடுவேன். சந்தைகளில் வாங்கினேன், இணையத்தில் ஏலம் எடுத்தேன், மலையேறிகளின் பரண்களைத் துழாவினேன். நேபாளத்து மலைவீடுகளில் தயிர் தோய்க்கிற குடைந்த மரப்பானை, பூட்டானில் இருந்து வந்த வெண்ணெய்ப் பானை மூடி, இமாசலத்து மத்து என்று ஐந்து வருடத்தில் பதினேழு சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு அட்டை: ஊர், மரம், வயது. வயதுக்கு முன்னால் 'சுமார்' என்று போடுவேன். என் ஆராய்ச்சி முழுவதும் அந்த 'சுமார்' என்ற சொல்லுக்குள்தான் இருந்தது.

மகளின் பிறந்தநாளுக்கு வருகிறவர்கள் கேக் வெட்டுவதற்கு முன் என்னுடைய அறையைச் சுற்றிப் பார்த்தாக வேண்டும். என் மனைவி சுகந்தியின் அண்ணன் ரவி, அதாவது என் மச்சான், கதவடியில் நின்றுகொண்டு, "எல்லாரும் வரிசையா வாங்கோ, மத்துப் பாக்காத ஆக்களுக்குக் கேக் இல்லை" என்று அறிவிப்பார். நான் அதைக் கேலி என்றே எடுத்துக்கொள்ளவில்லை. ஒழுங்கு செய்வதற்கு ஒரு ஆள் கிடைத்தாரே என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அது பால் சம்பந்தப்பட்டது.

கதைக்கு இது முக்கியம். என் இரத்தத்தில் கொழுப்புக் கூடிவிட்டது என்றும், கொழுப்பு எடுத்த சிவப்பு மூடிப் பாலைத்தான் குடிக்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். கொழுப்பு எடுக்காத நீல மூடிப் பாலைக் கைவிட நான் மறுத்துவிட்டேன். "பால் எண்டால் நீல மூடிதான். சிவப்பு மூடி, பால் போத்தல் கழுவின தண்ணி. நாக்கிலை வைச்ச உடனை நான் சொல்லுவன்" என்று வீட்டில் முழங்கினேன். கிழமைதோறும் குளிர்சாதனப் பெட்டியில் நீல மூடிப் போத்தல்கள் மூன்று வந்து நின்றன. நான் வெற்றிப் புன்னகையோடு பால்தேத்தண்ணீர் குடித்தேன். இரண்டு வருடம் கழித்து இரத்தம் சோதித்தால் கொழுப்பு இறங்கியிருந்தது! டாக்டரே பாராட்டினார். முழுப் பால் குடித்தும் கொழுப்பு இறங்குகிற அபூர்வ உடம்பு என்னுடையது என்று, பஸ் டிப்போவில் என்னோடு வேலை செய்கிற எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். சிலர் கைகூடக் கொடுத்தார்கள்.

டிப்போவில் நான் மேற்பார்வையாளர். அங்கே பிரேம் என்றொரு சாரதி சேர்ந்தார். நேபாளத்துக்காரர், பிரிட்டிஷ் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி சரிதா அப்போதுதான் லண்டன் வந்திருந்தார். தேநீர் இடைவேளையில் பிரேம் சாதாரணமாக ஒரு சொல் சொன்னார்: "என் மனைவி ஊரிலிருந்து ஒரு மத்தைக் கொண்டுவந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால் முறைக்கிறாள்." என் கையில் இருந்த தேத்தண்ணீர் ஆறிப்போனது.

அடுத்த சனிக்கிழமையே ஊலிச்சில் படகு ஏறித் தேம்ஸைக் கடந்து, பிளம்ஸ்டெட்டில் அவர்கள் இருந்த மூன்றாம் மாடிக்குப் போய் நின்றேன். சுகந்தியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவள் ஒரு டப்பா நிறையப் பயற்றம் பணியாரம் செய்து எடுத்து வந்தாள்.

சரிதா கட்டிலுக்குக் கீழே குனிந்து, சால்வையில் சுற்றிய மத்தை எடுத்தார். ஒரு கை நீளம். தலைப்பக்கம் நான்கு இதழாக விரிந்த மொட்டு. அதற்கு மேலே வளையம் வளையமாகச் செதுக்கல், வளையங்களுக்கு நடுவே ஒரு சின்ன மீன். கயிறு ஓடி ஓடித் தண்டில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன. புகையும் வெண்ணெயும் ஏறிக் கறுத்த மரம், கையில் எடுத்தால் வழுக்கியது. என்னிடம் இருந்த பதினேழும் அதற்குப் பக்கத்தில் விறகு. உண்மையாகச் சொல்கிறேன், அதைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் அவருக்குக் கொடுத்தது அது. விமானப் பெட்டியில் மூலைக்கு மூலை வைத்தால்தான் அடங்கியதாம். அதற்காக இரண்டு கம்பளிச் சட்டைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

என்ன விலை என்றாலும் தருகிறேன் என்றேன். சரிதாவின் ஆங்கிலம் சுருக்கமானது, சுற்றி வளைக்காது. அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"விலைக்கு இல்லை. ஆனால் இங்கே கட்டிலுக்குக் கீழே சும்மா கிடக்கிறது. கடைகிற வீட்டுக்குப் போனால் எனக்குச் சந்தோஷம். உங்களிடம் பதினேழு இருக்கிறதே, அவற்றில் வெண்ணெய் எடுத்திருக்கிறீர்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் பதினேழு அட்டை எழுதியவனுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"கிழமைக்குக் கிழமை எடுக்கிறேன்" என்றேன்.

சுகந்தி பணியார டப்பாவின் மூடியைத் திறந்து மூடித் திறந்தாள்.

"அப்படியென்றால் நல்லது. இதை எடுத்துக்கொண்டு நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இதைக்கொண்டே கடையுங்கள். வெண்ணெய் திரண்டால் மத்து உங்களுக்கு. திரளாவிட்டால் என்னோடு திரும்பி வரும்" என்றார் சரிதா.

படகில் திரும்பி வரும்போது சுகந்தி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, கிழமைக்குக் கிழமை ஆர் வீட்டிலை கடைஞ்சனீங்கள்?"

"நீர் பேசாமல் இரும். கண்ணன் பிறந்த இனத்துக்கு வெண்ணெய் எடுக்கத் தெரியாதோ?" என்றேன். எந்தக் கணக்கில் நான் ஆயர்பாடியில் சேர்ந்தேன் என்று அவள் கேட்கவில்லை.

இரண்டு கிழமை ஆயத்தம் நடந்தது. காய்ந்த மரப்பானையில் தயிரை ஊற்றினால் ஒழுகும், மூன்று நாள் தண்ணீரில் ஊறினால்தான் மரம் பருத்து வெடிப்பு அடைபடும் என்று சரிதா சொல்லியனுப்பியிருந்தார். ஆகவே என் நேபாளத்துப் பானை மூன்று நாள் குளியல் தொட்டியில் கிடந்தது. வீட்டில் ஒருவரும் குளிக்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை என்று பிறகு அறிந்தேன். பக்கத்து முருகன் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனையும் செய்வித்தேன். வெண்ணெய்க்குப் பொறுப்பான தெய்வம் அவரில்லைதான். ஆனால் நடந்து போகிற தூரத்தில் இருந்தவர் அவர்.

வெள்ளிக்கிழமை சுகந்தி வேலைக்குப் போயிருந்தபோது நானே தயிர் தோய்த்தேன். அடுத்தவர் கை பட்டால் பெருமை பங்குபட்டுவிடும் அல்லவா? குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். நீல மூடிப் போத்தல் மூன்று. அப்படியே மூன்றையும் காய்ச்சி, உறைமோர் விட்டு, சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள் துவாயால் போர்த்து வைத்தேன்.

பின்னேரம் வந்த சுகந்தி பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பாலையோ எடுத்தனீங்கள்?"

"வேறை எந்தப் பால்? அசல் நீல மூடி!"

"இஞ்சேருங்கோ, அது வேண்டாம். நான் இப்பவே கடைக்குப் போய் வேறை பால் வாங்கிக்கொண்டு வாறன். இல்லாட்டி அவையளை வாற கிழமை வரச்சொல்லுவம்."

"என்ரை தயிரிலை என்ன குறை?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு விட்டுவிட்டாள். எனக்கு வருகிற புகழில் அவளுக்குப் பங்கு இல்லையே என்ற சின்ன மனத்தாங்கலாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "கவலைப்படாதையும், நாளைக்கு உம்முடைய பேரையும் சொல்லுறன்" என்று தோளில் தட்டிக்கொடுத்தேன். (இதை எழுதும்போது காது சுடுகிறது.)

சனிக்கிழமை மதியம். நாங்கள் இருப்பது ஒடுக்கமான வரிசை வீடு. மத்தைக் கட்டுவதற்குத் தூண் வேண்டுமே. வாசலை ஒட்டிய நடையில், மாடிப்படியின் அடியில் நிற்கிற கைப்பிடிக் கட்டைதான் தூண். அதற்கு முன்னால் பானை, பானைக்குள் தயிர், தயிருக்குள் சரிதாவின் மத்து. துணி காயப்போடுகிற புதுக் கயிற்றைத் தண்டில் சுற்றி, இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டி கட்டிப் பலகையில் உட்கார்ந்திருந்தேன் நான். சபையார் மாடிப்படிகளில் படிக்கு ஒருவராக இருந்தார்கள்: பிரேம், சரிதா, மகள், உச்சியில் வீடியோ கமராவோடு மச்சான். கமராவைக் கொண்டுவரச் சொன்னதும் நான்தான். சுகந்தி மட்டும் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

தொடங்குமுன் ஒரு சிற்றுரை ஆற்றினேன். பாற்கடலில் இருந்து ஆரம்பித்தேன். "தேவர்களும் அசுரர்களும் கூடிச் செய்த வேலையை இன்றைக்குத் தனியாளாக..."

"அங்கையும் முதல்ல வந்தது நஞ்சுதான் மச்சான். பாத்துக் கடையும்" என்றார் ரவி மேலேயிருந்து.

கடையத் தொடங்கினேன். முதல் பத்து நிமிடம் எனக்கே என்னைப் பார்க்க அழகாக இருந்தது. மத்து இந்தப் பக்கம் சுற்றியது, அந்தப் பக்கம் சுற்றியது, நுரை வந்தது. நுரையைக் காட்டி, "ஆரம்பம்" என்றேன். இருபது நிமிடத்தில் பெனியன் நனைந்துவிட்டது. அரை மணியில் தோள்மூட்டு இருப்பது தெரிந்தது. முக்கால் மணியில் அது மட்டும்தான் தெரிந்தது. பானைக்குள் நுரை, நுரைக்குக் கீழே மோர், மோருக்குக் கீழே மோர்.

"வெண்ணெய்க்கு இன்னும் விசா கிடைக்கேல்லையோ மச்சான்?"

பிரேம் எழுந்து, "நான் கொஞ்சம் இழுக்கட்டுமா, சார்?" என்றார். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். பேசுகிற மூச்சையும் கயிற்றுக்கே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சரிதா இறங்கி வந்தார். பானைக்குள் விரலை விட்டார், நாக்கில் வைத்தார், கொஞ்சம் யோசித்தார்.

"இதில் ஒன்றும் இல்லை. நீங்கள் நாளை வரை கடைந்தாலும் வராது. இது என்ன பால்?"

என் ரோஷம் உச்சியில் ஏறியது. கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்துபோய், குப்பைப் பையைக் கிண்டி, வெறும் போத்தல் மூன்றையும் கொண்டுவந்து நடையில் வரிசையாக நிறுத்தினேன். "பாருங்கள்! மூன்றும் நீல மூடி! என் கையாலேயே ஊற்றினேன்!"

சமையலறை வாசலில் இருந்து மெல்லிய குரல் வந்தது.

"போத்தல்தான் நீலம்."

எனக்கு விளங்கவில்லை. மகளுக்கு விளங்கிவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ளுக்கை இருக்கிறது சிவப்பு மூடிப் பால்" என்றாள் சுகந்தி. "ரெண்டு வருசமா நான்தான் மாத்தி மாத்தி ஊத்துறன். டொக்டர் சொன்னதைக் கேக்கமாட்டன் எண்டு நிண்டால் நான் என்ன செய்யிறது? உங்களுக்கு ஒண்டு நடந்தால் நானும் பிள்ளையும் என்ன செய்யிறது?"

மச்சான் சிரித்ததில் கமரா ஆடியது. (அந்த ஒளிநாடாவில் இந்த இடத்தில் ஐந்து நிமிடம் கூரைதான் தெரிகிறது.) பிரேம் மொழிபெயர்ப்புக் கேட்டார். மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். சரிதா படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிரேமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தி, மனைவியின் பக்கம் திரும்பி, "நம் வீட்டுப் பால் என்ன பால்?" என்று கேட்டார். சரிதாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

அந்த இடத்தில் நானும் சிரித்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், மறுபடி பலகையில் உட்கார்ந்தேன். "இருக்கவே இருக்காது. நாக்கிலை வைச்சால் எனக்குத் தெரியாதோ? வரும், வராமல் எங்கை போகும்!" என்று கத்திக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றை ஒரே சுண்டாகச் சுண்டி இழுத்தேன்.

வெண்ணெய் வரவில்லை. மாடிப்படியின் கைப்பிடிக் கட்டை வந்தது. அடியோடு பிடுங்கிக்கொண்டு என் மேல் சாய்ந்தது. நான் பின்பக்கம் விழுந்தேன். பானை உருண்டது. ஏழு லீட்டர் கொழுப்பில்லாத மோர் நடை முழுவதும் பரவி, கம்பளத்தை நனைத்து, வாசல் கதவின் கீழால் வழிந்து தெருவுக்குப் போனது. நான் மல்லாந்து கிடந்தபடி கேட்ட முதல் கேள்வி, "மத்து?" என்பதுதான்.

மத்து சரிதாவின் கையில் இருந்தது. விழுவதற்கு முன்பே பிடித்துவிட்டார். தன் சால்வையால் அதைத் துடைத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், சுற்றினார். "மன்னியுங்கள், பிரதர்" என்றார். எனக்கு எரிச்சல் போய் அழுகை வந்தது. பதினேழு வைத்திருந்தவன் பதினெட்டாவது தெருமுனை திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வேட்டியில் இருந்து மோர் சொட்டிக்கொண்டிருந்தது.

சுகந்தியோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். போத்தலையும் பக்கத்தில் வைத்தாள், சிவப்பு மூடியோடு. குடித்துப் பார்த்தேன். இரண்டு வருடம் குடித்த அதே சுவை. என் நாக்கைப் பற்றி நான் அதற்குப் பிறகு எங்கும் பேசியதில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, சுகந்தி எங்கேயோ போய்விட்டுப் பின்னேரம் வந்தாள். கையில் சால்வையில் சுற்றிய ஒரு நீளப் பொருள். தனியாகவே படகு ஏறிப் பிளம்ஸ்டெட்டுக்குப் போயிருக்கிறாள். லண்டன் பால் நீல மூடியானாலும் போதாது, கிரீம் சேர்த்துத்தான் உறைய வைக்க வேண்டும் என்று சரிதா தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தாராம். (அதாவது, அசல் நீல மூடிப் பாலாக இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் விழுந்துதான் இருப்பேன். இதை இன்றுவரை மச்சானிடம் சொல்லவில்லை.) அங்கே சமையலறை மேசைக் காலில் கட்டிக் கடைந்தாளாம். இருபத்தைந்து நிமிடத்தில் திரண்டுவிட்டதாம்.

"அவர் மரத்தைப் பார்க்கிறார். நீ பாலைப் பார்க்கிறாய். இது உனக்குத்தான், அவருக்கு இல்லை" என்று சொல்லிச் சரிதா மத்தைக் கொடுத்திருக்கிறார். சுகந்தி இதை மூன்று தரம் சொன்னாள். மூன்றாவது தரம் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. அன்றே அட்டை எழுத உட்கார்ந்தேன். அவள் பேனாவை வாங்கித் தானே எழுதினாள். ஊரும் மரமும் எழுதவில்லை. 'சுகந்தியுடையது. தொட முன் கேட்கவும்.' அவ்வளவுதான். 'சுமார்' இல்லாத ஒரே அட்டை அதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் எதைப் பற்றிப் பெருமை பேசினாலும் மகள் ஒரே கேள்விதான் கேட்பாள்: "அப்பா, இது போத்தலோ, பாலோ?" அவளுடைய கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தன் வேலையைப் பற்றி என்னிடம் சொல்லத் தொடங்கியபோது, மண்டபத்தின் மூன்று மேசைகளில் இருந்து எங்கள் சொந்தக்காரர்கள் அதையே கேட்டார்கள். பாவம், மாப்பிள்ளை முழித்தார். மச்சான் அவரைத் தனியே கூட்டிப்போய் ஒளிநாடாவைப் பார்க்க நாள் குறித்தார்.

சில வருடங்களுக்கு முன், அரும்பொருட்சாலை ஒன்றில் வேலை செய்கிற ஒரு பெண் என் சேகரிப்பைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். என் அட்டைகளைப் பொறுமையாகப் படித்தார். கடைசியில், ஒன்றை மட்டும் படமெடுத்துப் புத்தகத்தில் போட அனுமதி வேண்டும் என்றார். எது என்று நான் கேட்கவே இல்லை.

"அது என்னுடையது அல்ல. என் மனைவியைக் கேட்க வேண்டும்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கியிருக்காது.

அன்று கடைய வந்திருந்த சரிதாவோடு சமையலறையில் பேசிக்கொண்டிருந்த சுகந்தி எட்டிப் பார்த்தாள். "இண்டைக்குக் குடுக்க ஏலாது. தயிர் தோய்ஞ்சிட்டுது, இப்ப கடையவேணும். வேணுமெண்டால் கடையேக்கை எடுக்கச் சொல்லுங்கோ."

அப்படித்தான் அந்தப் படம் வந்தது. புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம். புதிதாகப் போட்ட மாடிப்படிக் கட்டையில் மத்து கட்டியிருக்கிறது. கயிற்றின் ஒரு முனையை சுகந்தியும் மறு முனையை சரிதாவும் இழுக்கிறார்கள். பானையின் வாயில் வெண்ணெய் திரண்டு நிற்கிறது. படத்தின் கீழ் மூலையில், பானை ஆடாமல் பிடித்திருக்கிற ஒரு கை மட்டும் தெரியும். அது என்னுடைய கை. யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன்.